அண்ணாவுக்குச் சொல்லாமல் நடந்த கல்யாணம்

கேள்வி:

எனக்கு 62 வயது. கணவருடன் கனடாவின் மார்க்கம் நகரில் வசிக்கிறேன். எங்கள் மகளின் கல்யாணத்துக்கு 2020 வைகாசியில் நாள் வைத்து, ஸ்காபரோவில் மண்டபம் எடுத்து, 450 பேருக்கு அழைப்பிதழ் அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் விட்டோம். மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடப்பட்டுவிட்டது. காத்திருந்து பார்த்தோம். ஆவணி பிறந்த பிறகு, ஆகஸ்ட் மாதக் கடைசியில், பொப்கேஜனுக்கு அருகே 2017 இல் நாங்கள் வாங்கிய ஏரிக்கரை வீட்டில் 24 பேருடன் தாலி கட்டு நடந்தது.

என் அண்ணா ஸ்காபரோவில்தான் இருக்கிறார். எங்கள் அப்பா சிறுவயதிலேயே இறந்துவிட்டதால் என்னை வளர்த்தவர் அவர். 1986 இல் கனடாவுக்கு வந்து, 1991 இல் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். மகளின் சாமத்திய வீட்டில் முதல் தண்ணீர் வார்த்தவரும் அவரே. 2020 இல் அவருக்கு 69 வயது. இருதய பைபாஸ் செய்தவர், சர்க்கரை நோயும் உண்டு. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று பயந்து நாங்கள் அழைக்கவில்லை. முன்கூட்டியே சொன்னால் மனம் நோவாரென்று, முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஜெர்மனியிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்களுக்கு மகன் 'சூம்' இணைப்பு அனுப்பியிருக்கிறான். அடுத்த நாள் காலையில் ஜெர்மனியிலிருந்து வந்த வாட்ஸ்அப் படத்தில்தான் அண்ணா கல்யாணத்தைப் பார்த்தார். நான் போன் எடுத்து, "சட்டம் விடவில்லை அண்ணா" என்றேன். "சரி பிள்ளை" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் கணவரின் தம்பி குடும்பத்தில் நான்கு பேர் வந்திருந்ததும் அவருக்குத் தெரியும்.

2019 வரை கோடைக்குக் கோடை இரண்டு கிழமைகள் அண்ணா குடும்பம் எங்களுடன் ஏரி வீட்டில்தான் இருக்கும். இந்த ஆகஸ்டில் கல்யாணமாகி ஆறு வருடம் நிறைகிறது. முறையாக நடக்காத கல்யாணத்தை முறையாக ஒரு மண்டபத்தில் வரவேற்பாக வைத்து, முதல் அழைப்பிதழை அண்ணாவுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன். மண்டபத்தில் கட்டிய முற்பணமும் அப்படியே கிடக்கிறது. மகளோ, "எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது அம்மா" என்கிறாள். கணவர், "ஏரி வீட்டுக்குக் கூப்பிடு, பழையபடி வந்துவிடுவார்" என்கிறார். நான் என்ன செய்வது?

— ஒரு தாய், மார்க்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கித் தந்திருக்கிறேன், ஆனால் முழுவதையும் மூன்று முறை வாசித்தேன். அதில் வரவேற்பும் அண்ணாவும் இரண்டு விஷயங்களாக வந்தாலும், எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. நீங்கள் மண்டபம் தேடுவது மகளுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணாவின் கையில் ஓர் அழைப்பிதழைக் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு விழா வேண்டும், அந்த விழாவுக்கு மகள் மறுபடி மணப்பெண்ணாக இருக்க வேண்டும். உங்களுக்கும் அண்ணாவுக்கும் இடையே உள்ள கடனை அவள் தலையில் வைக்கிறீர்கள். அவள் மறுப்பதற்குக் காரணம் பிடிவாதம் இல்லை.

ஆகவே முதலில் அண்ணாவைப் பற்றிப் பேசுவோம்.

"சட்டம் விடவில்லை" என்று சொன்னீர்களே, அந்த வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கோடையில் நம் வீடுகளில் எல்லோரும் மதியம் ஒரு மணிக்கு மாநில முதல்வரின் செய்தியாளர் சந்திப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த உங்கள் அண்ணா நிச்சயம் பார்த்திருப்பார். மார்ச் 28 முதல் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. ஜூன் 12 முதல் பத்துப் பேர். ஜூலை 17 அன்று ஒன்ராறியோவின் பல பகுதிகள் மீண்டும் திறக்கும் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்குப் போயின, உங்கள் ஏரி வீடு இருக்கும் கவார்த்தா பகுதியும் அவற்றில் ஒன்று. மார்க்கம் 24 ஆம் தேதியும் ரொறன்ரோ 31 ஆம் தேதியும் அந்தக் கட்டத்துக்கு வந்தன. மூன்றாம் கட்டத்தில் உள்ளே 50 பேர், வெளியே 100 பேர். அப்படியானால் ஆகஸ்ட் கடைசியில், உங்கள் ஏரிக்கரைப் புல்வெளியில், இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு 100 பேர் நிற்கலாம் என்றே சட்டம் சொன்னது.

24 என்பது நீங்கள் போட்ட எண்ணிக்கை. அது அண்ணாவுக்குத் தெரியும். தெரிந்தும் "சரி பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்த மனிதரை நினைத்துப் பாருங்கள்.

அந்த எண்ணிக்கை தவறு என்று நான் சொல்லவில்லை. மூன்று அறை, ஒரே கழிவறை, ஒரு சிறிய கழிவுநீர்த் தொட்டி உள்ள வீட்டில் 100 பேரை வைத்துக் கல்யாணம் நடத்த முடியாது. தடுப்பூசி அந்த ஆண்டு டிசம்பர் நடுப்பகுதியில்தான் இங்கே போடத் தொடங்கினார்கள். பைபாஸ் செய்த, சர்க்கரை உள்ள 69 வயது மனிதரைப் பற்றி நீங்கள் பயந்தது நியாயமான பயம். தள்ளிப்போடாமல் நடத்தியதிலும் நிதானம் இருந்தது. செப்டம்பர் பாதியிலேயே தனியார் கூடல்களுக்கு வெளியே 25, உள்ளே 10 என்று குறைத்துவிட்டார்கள். "அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம்" என்று 2021 சித்திரைக்கும் வைகாசிக்கும் நாள் மாற்றியவர்கள், அந்த ஏப்ரலில் கல்யாணத்துக்கும் பத்துப் பேர்தான் என்ற உத்தரவில் மாட்டிக்கொண்டார்கள். அப்படி இரண்டு முறை, மூன்று முறை நாள் மாற்றிய குடும்பங்களை என் ஆலோசனை அறையில் சந்தித்திருக்கிறேன்.

உங்கள் முடிவுக்கு நல்ல காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அண்ணாவிடம் சொல்லவில்லை, சட்டத்தைச் சொன்னீர்கள். பயந்த தங்கையை அவருக்குப் புரிந்திருக்கும். சட்டத்தின் பின்னால் நின்ற தங்கையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் ஆகஸ்ட் நடுவில் அவர் வீட்டு வாசலில் முகக்கவசத்துடன் நின்று, "அண்ணா, இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம், உங்களை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? உங்களை வளர்த்த விதத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன்: "நான் வரவில்லை பிள்ளை, பிள்ளைகளின் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்" என்று அவரே சொல்லியிருப்பார். விட்டுக்கொடுப்பது நம் குடும்பங்களில் மூத்தவர்களின் உரிமை. தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனாக நின்றவருக்கு அந்த உரிமை இன்னும் பெரியது. அவர் விட்டுக்கொடுப்பதற்கு முன் நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். அதற்கு மேல், ஜெர்மனியில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது 25 நிமிடத் தூரத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 இல் என் சித்தி யாழ்ப்பாணத்தில் இறந்தார். என்னால் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே இரவு இரண்டு மணிக்குச் சித்தியின் மகன் போன் எடுத்து, "அக்கா, நீங்கள் வர முடியாது என்று தெரியும், ஆனாலும் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்" என்றான். இறுதிச் சடங்கைப் போன் திரையில் பார்த்தேன், படம் அடிக்கடி நின்று நின்று போனது. அதில் எதைப் பார்த்தேன் என்று இப்போது சரியாக நினைவில் இல்லை. அவன் அன்று சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வதுபோல் ஏரி வீட்டுக்குக் கூப்பிடலாமா? கூப்பிடலாம், ஆனால் முதலில் அல்ல. அண்ணா பார்த்த படத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏரிக்கு இறங்கும் மரப்படியில் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிகளை 2018 கோடையில் அண்ணா தன் கையால் அடித்துக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பக்கம் தள்ளி, வேறு விஷயமாக. நான் இரண்டையும் சேர்த்து வாசித்தேன். தான் அறுத்து, அளந்து, ஆணி அடித்த படியில் தான் இல்லாமல் மருமகள் நிற்கும் படம் அவருடைய போனில் வந்திருக்கிறது. அந்த இடத்துக்கே, எதுவும் பேசாமல், "வாருங்கள், பழையபடி இருப்போம்" என்று அழைத்தால் அவர் எப்படி வருவார்?

நீங்கள் அவருடைய வீட்டுக்குப் போங்கள். நீங்களும் உங்கள் கணவரும் மட்டும். பிள்ளைகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மூன்று வயதுக் குழந்தையை முன்னால் விட்டால் அவர் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார், பேச வேண்டியது பேசாமலே போய்விடும். வார நாள் ஒன்றில், பிற்பகலில் போங்கள். முதல் நாள் மச்சாளிடம் அல்ல, அண்ணாவிடமே போன் எடுத்து, "நாளை வருகிறேன், உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது" என்று சொல்லுங்கள். வெறுங்கையோடு போகக்கூடாது என்பீர்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அழைப்பிதழோ கல்யாண ஆல்பமோ வேண்டாம். இடையில் உறவினர் எவரையும் தூது அனுப்பாதீர்கள். ஆறு வருடங்களில் மூன்று பேர் தூது போய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒரு வார்த்தையைச் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. "அண்ணா, அன்று சட்டம் விடவில்லை என்று உங்களிடம் சொன்னது உண்மையில்லை. உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் உங்களிடம் கேட்காமல் உங்களுக்காக நானே முடிவெடுத்தேன். சொல்லவும் துணிவு வரவில்லை. நான் செய்தது பிழை." இதை உங்கள் வார்த்தைகளில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். "கொரோனா காலம்தானே", "எல்லோர் வீட்டிலும் அப்படித்தானே நடந்தது", "ஆறு வருடம் மனதில் வைத்திருக்கலாமா" என்று எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். சேர்த்தால் முன்னால் சொன்னது கரைந்துவிடும்.

அவர் கோபப்படலாம். ஆறு வருடக் கோபம் பத்து நிமிடத்தில் வரும்போது கொஞ்சம் கடுமையாகத்தான் வரும். வரட்டும், பதில் சொல்லாதீர்கள். எனக்குக் கவலை அவருடைய கோபத்தைப் பற்றி இல்லை. "அதெல்லாம் ஒன்றுமில்லை பிள்ளை, தேத்தண்ணீர் குடியுங்கள்" என்று அவர் முடித்துவிடுவதுதான் எனக்குப் பயம். நம் ஆட்கள் மனம் ஆறாதபோதுதான் அப்படிச் சொல்வார்கள். நீங்களும் நிம்மதியாகக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். அப்படிச் சொன்னால், "ஒன்றுமில்லாமல் இல்லை அண்ணா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அமைதி நீண்டால் பயப்படாதீர்கள்.

உங்கள் கணவருக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. அவருடைய தம்பி குடும்பம் வந்ததை அவர்தான் பேச வேண்டும், நீங்கள் பேசினால் கணவரைக் காட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடும். அந்த ஜூனில் மாநில அரசு, பத்துப் பேர் கொண்ட ஒரு வட்டத்தை அமைத்துக்கொள்ளலாம், அவர்களுக்குள் இடைவெளி தேவையில்லை என்று சொன்னது. யாரைப் பத்துக்குள் சேர்ப்பது என்பதில் எத்தனையோ குடும்பங்களில் மனத்தாங்கல் வந்தது. அந்தப் பத்தில் உங்கள் கணவரின் தம்பி வீட்டார் இருந்தார்கள், அதனால் கல்யாணத்துக்கும் அவர்கள் வந்தார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அதில் கள்ளம் ஒன்றுமில்லை. அதைக் கணவர் தன் வாயால் சொன்னால் போதும்.

இனி மகளுக்கு வருகிறேன்.

"முறையாக நடக்காத கல்யாணம்" என்று கடிதத்தில் ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். "கொரோனா கல்யாணம்" என்று மூன்று இடங்களில். எழுத்திலேயே இத்தனை முறை என்றால் பேச்சில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? அவள் காதில் விழும்படி எத்தனை முறை? ஐயர் வந்தார், அக்கினி வளர்த்தார், தாலி ஏறியது. மார்ச்சில் எடுத்த திருமண அனுமதிப் பத்திரம் வழக்கமாக 90 நாட்களில் காலாவதியாகிவிடும், அந்த ஆண்டு மாநில அரசே அதை நீட்டித்திருந்ததால் அதே பத்திரத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். இதில் எது குறைந்தது? ஆறு வருடமாக ஒரு பெண் தன் கல்யாணத்தைப் பற்றித் தன் தாய் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கடிதத்தில் மண்டபத்தைப் பற்றி, ரத்தான சாப்பாட்டைப் பற்றி, வராத 426 பேரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. கல்யாண நாளைப் பற்றி ஆறே வரிகள்தான் இருக்கின்றன. அந்த ஆறு வரிகளை அப்படியே இங்கே தருகிறேன்: "ஐயர் முகக்கவசம் போட்டுக்கொண்டு மந்திரம் சொன்னார். நாதஸ்வரம் மகனின் போனிலிருந்து. படகுத்துறையில் படம் எடுக்கப் போய்க் கூறையின் கரை நனைந்துவிட்டது, நான் ஏசினேன், அவள் சிரித்தாள். சிறு படகில் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தாலி கட்டும் நேரம் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிட்டு, துடுப்பை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். யாரென்று இன்றுவரை தெரியாது. அவள் அன்று சிரித்ததுபோல் நான் முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை." இதை எழுதியவர் நீங்கள்தான். மகள் "எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது" என்று சொல்லும்போது இந்த நாளைத்தான் சொல்கிறாள். அதை அவளுக்கு விட்டுவிடுங்கள். வரவேற்பு வேண்டாம்.

ஆனால் உங்கள் துக்கத்தையும் நான் தள்ளிவிடப் போவதில்லை. ஒரே மகளின் கல்யாணம். நீங்கள் இருபது வருடம் மனதில் நடத்திப் பார்த்த கல்யாணம் வேறு, அது நடக்கவில்லை. அதற்கு அழுவதில் பிழை இல்லை. எதற்கு அழுகிறீர்கள் என்பதை மட்டும் சரியாகப் பாருங்கள். மண்டபத்துக்கு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஏனென்றால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நான்கு பேருடன் முடிந்தது. பலகாரச் சூடு என்று ஒன்று இல்லை. நான் தனியாக நின்று இரவு பதினொரு மணி வரை பயற்றம் பணியாரம் சுட்டேன்."

கல்யாண வீட்டில் பலகாரச் சூடு என்றால் என்ன என்று நம் பெண்களுக்குத் தெரியும். அரியதரத்துக்கு மா இடிப்பவர் ஒருவர், பாகு பார்ப்பவர் ஒருவர், எண்ணெய்ச் சட்டியை யாரிடமும் விடாதவர் ஒருவர், சுட்டதில் பாதியைத் தின்றுவிட்டுக் கதை சொல்பவர் ஒருவர். மச்சாள்மார், மாமிமார், பக்கத்து வீட்டுக்காரர். மணப்பெண்ணைக் கேலி செய்வதும் தாய்க்கு ஆறுதல் சொல்வதும் அங்கேதான் நடக்கும். "மகள் போகப் போகிறாளே" என்று ஒரு தாய் வெளிப்படையாக அழக்கூடிய இடமும் அந்த அடுப்படிதான். உங்களுக்கு அது கிடைக்கவில்லை. 450 பேர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் மண்டபத்தில் அது இனியும் கிடைக்காது.

அதனால் இந்தக் கோடையில் ஏரி வீட்டில் ஒரு சனிக்கிழமை பலகாரம் சுடுங்கள். கல்யாண நாள் என்று பெயர் வைக்காதீர்கள், கேக் வெட்டாதீர்கள், யாருக்கும் மாலை போடாதீர்கள். அன்று உங்களுடன் நின்றிருக்க வேண்டிய ஆறேழு பெண்களைக் கூப்பிடுங்கள். அண்ணா சமாதானமானால் மச்சாள் முதல் ஆள். இல்லாவிட்டாலும் மச்சாளைக் கேளுங்கள், அவர் வரக்கூடும். வெளியில் அடுப்பு வைப்பதானால் அந்த வாரம் அந்தப் பகுதியில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகள் அங்கே தன் பிள்ளையுடன் சும்மா இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் அழ வேண்டியது இருந்தால் அங்கே அழுங்கள்.

முற்பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதைக் காப்பாற்றுவதற்காக அதைப்போல் பத்து மடங்கு செலவழித்து ஒரு விழா வைக்காதீர்கள். வேறு நிகழ்ச்சிக்கு மாற்ற விடுவார்களா என்று கேளுங்கள். விடாவிட்டால் போனதாக எழுதிவையுங்கள்.

அண்ணாவை ஏரி வீட்டுக்கு எப்போது கூப்பிடுவது? நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் வந்த பிறகு, அவர் ஒரு முறையாவது உங்களுக்குத் தானாகப் போன் எடுத்த பிறகு. நம் ஊர் வழக்கத்தில் புதுமணத் தம்பதியை உறவுக்காரர்கள் விருந்துக்கு அழைப்பார்கள். அண்ணாவுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது. எனவே அவர் உங்கள் மகளையும் மருமகனையும் ஒரு நாள் சாப்பிட வரச் சொன்னால், ஆறு வருடம் கழித்து என்ன விருந்து என்று நினைக்காமல் அவர்கள் போக வேண்டும், நீங்கள் கூடப் போகக்கூடாது. மகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். அந்தப் படகுக்காரரைப் பற்றி மாமாவிடம் அவள் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

மே மாதத்தில் வரும் விக்டோரியா தின வார இறுதியில் நீங்கள் ஏரி வீட்டைத் திறப்பீர்கள். அப்போது கூப்பிடாதீர்கள். குளிர், தண்ணீர்ப் பம்ப் ஓடுமா ஓடாதா என்ற பதற்றம், அதன் பிறகு ஜூன் நடுப்பகுதி வரை கறுப்பு ஈக்கள். ஆகஸ்ட் நீண்ட வார இறுதியும் வேண்டாம், 115 ஆம் சாலையில் வெள்ளி மாலை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வருவது 75 வயது இருதய நோயாளிக்கு ஆகாது. ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய் அல்லது புதன் நல்லது. லின்சியில் மருத்துவமனை இருப்பதை மச்சாளுக்குச் சொல்லி வைத்தால் அவருக்கு நிம்மதியாக இருக்கும். முன்பெல்லாம் அண்ணா தங்கும் கீழறையில் இப்போது உங்கள் கணவரின் தம்பி குடும்பம் தங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணா வரும் கிழமை அந்த அறை அவருக்கு வேண்டும். கட்டிலும் அவர் விட்ட இடத்தில் இருக்க வேண்டும். தம்பி குடும்பத்திடம் இதைக் கணவர் முன்கூட்டியே பேசிவிடட்டும்.

எல்லாம் செய்தும் அவர் வராமல் இருக்கலாம். அப்படியானால் பொங்கலுக்குப் போங்கள், வருடப் பிறப்புக்குக் கைவிசேடம் வாங்கப் போங்கள், அவருடைய பிறந்தநாளுக்குப் போங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வர வேண்டியிருந்தாலும் போங்கள். உங்களைக் கனடாவுக்கு எடுப்பதற்கு அவர் ஐந்து வருடம் காத்திருந்தார்.

கடைசியாக ஒன்று. ஏரிக்கு இறங்கும் படிகளில் மூன்றாவது படி ஆடுகிறது என்றும், கணவர் இந்த வசந்த காலத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அலுமினியப் படிகள் போட ஆள் பிடித்திருக்கிறார் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த ஆளுக்கு இன்றைக்கே போன் எடுத்து வேலையை நிறுத்தி வையுங்கள். ஆடும் படியின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, குழந்தை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணா வந்தால் நிழலில் ஒரு கதிரை போட்டு உட்காரட்டும், எந்த ஆணியை எங்கே அடிப்பது என்று உங்கள் மகனுக்குச் சொல்லட்டும்.